பசியிலிருந்து தொடங்கும் வைத்தியம்

ஆயுர்வேதம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு கேள்வித்தாள். தோல் வறண்டிருக்குமா, எண்ணெய் வழியுமா? முடி சன்னமா, அடர்த்தியா? கோபம் சட்டென்று வருமா? எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்தால் 'உங்களுடையது பித்த உடம்பு' என்று தீர்ப்பு வந்துவிடும். கூடவே பித்தத்துக்கென்று ஒரு கூந்தல் தைலம், ஒரு சோப்பு, ஒரு மூலிகைத் தேநீர். நிறையப் பேருக்கு ஆயுர்வேதத்தின் அடிப்படை இவ்வளவுதான் என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது. எனக்கு இதில் ரொம்ப நாளாகவே ஆற்றாமை உண்டு. ஆளுக்கொரு முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிட்டால், இந்த வைத்தியம் உண்மையிலேயே எதைப் பார்க்கிறது, எப்படி யோசிக்கிறது என்பது கண்ணில் படாமலே போய்விடும்.

நான் வைத்தியம் படித்தவள் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் வளர்ந்தவள். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி என்பதால் எங்கள் பக்கம் ஆயுர்வேதமும் சித்தமும் வர்மமும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு வைத்தியரிடம் போகத் தொடங்கியதில்தான் எனக்கு இதில் ஆர்வம் வந்தது. அவர் கையில் எப்போதும் இருக்கும் நூல் அஷ்டாங்க ஹ்ருதயம். வாக்படர் சுமார் 7ஆம் நூற்றாண்டில் எழுதியது, 120 அத்தியாயங்கள் கொண்டது. சரகர், சுஸ்ருதர் பெயரில் உள்ள பெரிய சம்ஹிதைகளைச் சுருக்கி, செய்யுளாகக் கோத்துக் கொடுத்த நூல். கேரளத்து வைத்தியர்களுக்கு அதுதான் உயிர். அதன் முதல் பகுதியான சூத்திர ஸ்தானத்தை உரையோடு மெல்ல மெல்லப் படித்ததிலும், வைத்தியரின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டதிலும் எனக்கு விளங்கிய வரையில் எழுதுகிறேன்.

வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷங்களுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது குணங்கள். உலகத்தில் உள்ள எந்தப் பொருளையும் இருபது குணங்களால், அதாவது பத்து எதிரெதிர் ஜோடிகளால் விவரித்துவிடலாம் என்கிறது ஆயுர்வேதம். கனம், லேசு. குளிர்ச்சி, சூடு. நெய்ப்பு, வறட்சி. வழவழப்பு, சொரசொரப்பு. கெட்டி, நீர்ப்பு. அசையாமை, ஓட்டம். இப்படியே போகும். உடம்பு, சாப்பாடு, மருந்து, வெயில், காற்று எல்லாமே ஆகாயம், காற்று, தீ, நீர், நிலம் என்ற ஐந்து பூதங்களால் ஆனவை என்பதால், வெளியே உள்ள குணமும் உள்ளே உள்ள குணமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சுக்கு ஒரே விதி: ஒத்தது ஒத்ததைக் கூட்டும், எதிரானது குறைக்கும். இந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் மொத்த ஆயுர்வேதமும் உதிர்ந்துபோகும் என்றே நினைக்கிறேன்.

ஒரு உதாரணம். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ், ஜன்னலோர சீட். இரவு முழுக்கக் காற்று முகத்தில் அடிக்கிறது. குலுங்கல் நிற்கவே இல்லை. தூக்கம் சரியில்லை. இடையில் சாப்பிட்டது சிப்ஸும் பிஸ்கட்டும். காலையில் இறங்கும்போது உதடு வெடித்திருக்கும், வயிறு உப்பியிருக்கும், மலம் இறுகியிருக்கும், கழுத்து திரும்பாது, மனசு ஒரு இடத்தில் நிற்காது. இதையெல்லாம் தனித்தனிக் கோளாறாகப் பார்க்கலாம். ஆயுர்வேதம் ஒன்றாகப் பார்க்கிறது. வறட்சி, குளிர்ச்சி, லேசு, சொரசொரப்பு, ஓட்டம் என்று இரவு முழுக்க வெளியிலிருந்து வந்த குணங்கள்தான் உள்ளே சேர்ந்திருக்கின்றன. இந்தக் குணங்கள் கூடி நிற்பதற்குப் பெயர் வாதம். சூடு, கூர்மை, லேசான நெய்ப்பு, நீர்ப்பு, நெடி இவை பித்தம். கனம், குளிர்ச்சி, நெய்ப்பு, பிசுபிசுப்பு, மந்தம், அசையாமை இவை கபம். பஸ்ஸில் இருந்து இறங்கியவருக்கு என்ன செய்வது என்பதும் அதிலேயே இருக்கிறது: சூடான, நெய் விட்ட, குழைவான சாப்பாடு, கொஞ்சம் எண்ணெய், வெந்நீர்க் குளியல், ஆடாமல் அசையாமல் படுத்து ஒரு தூக்கம். அவர் பிறவியில் எந்த உடம்புக்காரர் என்று கேட்பதற்கு முன்பே இவ்வளவும் சொல்லிவிட முடிகிறது.

பிறவி உடல்வாகு, அதாவது பிரகிருதி, தேவையில்லாத விஷயம் என்று சொல்ல வரவில்லை. ஒரே இரவுப் பயணம் ஒருவரை மூன்று நாள் படுக்க வைக்கும், இன்னொருவரை ஒன்றும் செய்யாது. அந்த வித்தியாசத்தைப் பிரகிருதிதான் விளக்குகிறது. ஆனால் தோஷங்கள் நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருப்பவை. பகலிலும் இரவிலும் முதல் பகுதி கபத்துக்கு, நடுப்பகுதி பித்தத்துக்கு, கடைசிப் பகுதி வாதத்துக்கு. சாப்பாடு செரிக்கும்போதும் இதே வரிசை: சாப்பிட்டதும் ஒரு கனம், நடுவில் ஒரு சூடு, செரித்து முடியும்போது ஒரு லேசு. வாழ்நாளுக்கும் அதேதான். சின்னப் பிள்ளைக்குச் சளி, நடுவயதில் நெஞ்செரிச்சல், முதுமையில் மூட்டுவலியும் தூக்கமின்மையும் என்று நம் வீடுகளில் பார்ப்பதை ஒரு சூத்திரத்தில் அடக்கிவிட்டார் வாக்படர்.

பருவங்களுக்கும் கணக்கு உண்டு. கோடையில் வாதம் சேர்ந்து மழையில் சீறும். மழையில் பித்தம் சேர்ந்து, மழை விட்டு வெயில் அடிக்கும் சரத் காலத்தில் சீறும். குளிரில் கபம் சேர்ந்து வசந்தத்தில் உருகி வழியும். இதில் நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்த நூல்களின் பருவக் கணக்கு தென்மேற்குப் பருவமழையைப் பெருமழையாகக் கொண்டது. சரத் என்று நூல் சொல்லும் ஐப்பசியில்தான் தமிழகக் கரையோரத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். நூலில் இருக்கும் மாதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு சென்னையில் உட்கார்ந்து 'இது பித்தம் தணிக்கும் மாதம்' என்றால் பொருந்தாது. வானத்தைப் பார்த்துத்தான் பருவத்தை முடிவு செய்ய வேண்டும்.

சரி, இப்போது நான் முக்கியம் என்று நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். அக்னி, அதாவது செரிக்க வைக்கும் தீ.

அக்னி அணைந்தால் மனிதன் சாகிறான், செம்மையாக எரிந்தால் நோயில்லாமல் நெடுநாள் வாழ்கிறான் என்கிறார் சரகர். வாக்படர் இன்னும் ஒரு படி மேலே போய், நோய் எல்லாமே அக்னி மந்தமானால் வருவதுதான் என்று சொல்லிவிடுகிறார். பானையில் அரிசியும் தண்ணீரும் போட்டு அடியில் தீ எரித்தால் சோறாவது போல, வயிற்றில் விழுந்த உணவு உடம்பாகிறது என்பது சரகரே சொல்லும் உவமை. யோசித்துப் பார்த்தால் ரொம்பத் துல்லியமான உவமை அது. தீ சின்னதாக இருக்கும்போது பானையை நிறைத்தால் அரிசி விதையாக நிற்கும். தீ அதிகமானால் அடிப்பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் பாதி வெந்து பாதி வேகாது. வைத்தியர்கள் சொல்லும் மந்தாக்னி, தீட்சணாக்னி, விஷமாக்னி மூன்றும் இவையேதான். சீராக எரிவது சமாக்னி. கபம் மிகுந்தால் மந்தம், பித்தம் மிகுந்தால் தீட்சணம், வாதம் மிகுந்தால் ஒரு நாள் நன்றாகப் பசித்து மறுநாள் சாப்பாட்டைக் கண்டாலே வேண்டாம் என்று தோன்றும் விஷமம்.

இந்தத் தீ வயிற்றோடு நிற்பதில்லை. வயிற்றில் ஒன்று, ஐந்து பூதங்களுக்கு ஐந்து, உடம்பைக் கட்டும் ஏழு தாதுக்களுக்கு ஏழு என்று மொத்தம் 13 அக்னிகளைக் கணக்கிடுகிறார்கள். சாப்பாட்டின் சாரம் முதலில் ரசமாகி, அப்புறம் ரத்தம், மாமிசம், கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை, சுக்கிலம் என்று படிப்படியாக மாறுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு சமையல் நடக்கிறது. வயிற்றுத் தீதான் மற்றவற்றுக்குத் தாய். அது சோர்ந்தால் எல்லாம் சோரும்.

சரியாக வேகாமல் தங்கிப்போவதற்கு ஆமம் என்று பெயர். உடம்பு முழுக்க ஒரு பாரம், நாக்கில் வெள்ளைப் படிவு, வாயில் ருசியின்மை, தூங்கி எழுந்தாலும் தெளியாத சோம்பல். இதெல்லாம் ஆமத்தின் அடையாளங்கள். செரித்ததற்கும் அடையாளம் சொல்லி வைத்திருக்கிறார்கள்: ஏப்பத்தில் சாப்பாட்டு வாடை இல்லாமல் இருப்பது, மலமும் சிறுநீரும் தடையில்லாமல் போவது, உடம்பு லேசாக இருப்பது, வேலை செய்ய உற்சாகம் வருவது, நிஜமாகவே பசிப்பது, தாகம் எடுப்பது. இவை வந்த பிறகுதான் அடுத்த சாப்பாடு. மணி ஒன்றாகிவிட்டதே என்று சாப்பிடுவது கணக்கில் சேராது. 'அருந்தியது அற்றது போற்றி உணின்' மருந்தே வேண்டாம் என்று வள்ளுவர் சொல்வதும் இதைத்தான். அதே அதிகாரத்தின் முதல் குறளில் 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்று மூன்று தோஷங்களையும் தொட்டுவிட்டு, மீதியில் பெரும்பகுதியை அளவாகச் சாப்பிடுவதற்கே ஒதுக்கியிருக்கிறார் அவர்.

எவ்வளவு சாப்பிடுவது என்பதற்கு வாக்படர் கிராம் கணக்கு கொடுக்கவில்லை. வயிற்றை நான்கு பங்காக்கி, இரண்டு பங்கு திட உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு காற்று நடமாட இடம் என்கிறார். அந்தக் காலிப் பங்குதான் நம் பந்திகளில் முதலில் காணாமல் போவது.

அம்மாவின் விஷயத்தில்தான் இந்த ஆமம் எனக்குப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தது. கை விரல் கணுக்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கும். காலையில் எழுந்தால் வெகுநேரம் விரலை மடக்க முடியாது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் பிடிப்பார். ரத்தப் பரிசோதனையில் முடக்குவாதம் என்று உறுதியாகி, மூட்டுவாத நிபுணர் ஒருவர் வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதோடு சேர்த்து வைத்தியரையும் பார்த்தோம்.

"நல்லா தைலம் போட்டு உருவிவிட்டாப் போதும் வைத்தியரே, எல்லாம் இளகிரும்" என்றார் அம்மா.

அவர் அம்மாவின் நாக்கைப் பார்த்தார். கணுக்களின் மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். "பசி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"பசியா, அது எங்க இருக்கு. நேரமாச்சேன்னு ரெண்டு வாய் போட்டுக்கறேன்."

"அப்ப இப்ப எண்ணெய் கூடவே கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூட்டுவலி என்றால் தைலம் என்பதுதானே நமக்குத் தெரிந்த ஆயுர்வேதம்! அவர் பொறுமையாக விளக்கினார். இது வெறும் வாதம் இல்லை, ஆமவாதம். ஆமம் பிசுபிசுப்பும் கனமும் உள்ளது, எண்ணெயும் அப்படித்தான். ஒத்தது ஒத்ததைக் கூட்டும். இந்த நிலையில் எண்ணெய் தேய்த்தால் வீக்கம் ஏறும். தேய்மானத்தால் வரும் மூட்டுவலியில் வறட்சிதான் பிரதானம், அங்கே எண்ணெய் அமிர்தம். வலிக்கிற இடம் ஒன்றுதான், மருந்து நேர் எதிர். அம்மாவுக்கு அவர் சொன்னது வறுத்த மணலைத் துணியில் முடிந்து உலர்ந்த ஒத்தடம், குடிக்கச் சுக்குத் தட்டிப்போட்ட வெந்நீர், ராத்திரிக்கு லேசான கஞ்சி, தயிரும் உளுந்தும் பகல் தூக்கமும் நிறுத்தம், ஒரு கஷாயம், அளவு பார்த்து விளக்கெண்ணெய். உடம்பு என்ற காட்டில் திரியும் ஆமவாதம் என்ற யானையைக் கொல்ல விளக்கெண்ணெய் என்ற சிங்கம் ஒன்றே போதும் என்று ஒரு சுலோகம் உண்டு. அதை அவர் சொன்னபோது அந்த வலியிலும் அம்மா சிரித்துவிட்டார்.

பசி வந்த பிறகுதான் வைத்தியர் தைலத்தின் பேச்சையே எடுத்தார். ஆங்கில மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் கல்லீரல் பரிசோதனை முடிவை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கஷாயத்தைத் தொடரச் சொன்னார். அம்மாவின் வீக்கம் குறைந்ததில் எந்த மருந்துக்கு எத்தனை பங்கு என்று பிரிக்க எனக்கு வழியில்லை. பசியும் தூக்கமும் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

மருந்துகளின் விஷயத்துக்கு வந்தால் ஆறு சுவைகள். இனிப்பு, புளிப்பு, உப்பு மூன்றும் வாதத்தைத் தணிக்கும். கசப்பு, துவர்ப்பு, இனிப்பு பித்தத்தை. கார்ப்பு, கசப்பு, துவர்ப்பு கபத்தை. இதோடு நின்றிருந்தால் யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்து வைத்தியராகிவிடலாம். நாக்கில் படும் சுவை ரசம். உடம்பைச் சூடாக்குமா குளிர்விக்குமா என்பது வீரியம். செரித்த பிறகு அது என்னவாக மாறுகிறது என்பது விபாகம். நெல்லிக்காயின் புளிப்பு கணக்குப்படி பித்தத்தைக் கூட்ட வேண்டும். ஆனால் வீரியம் குளிர்ச்சி, விபாகம் இனிப்பு. அதனால் பித்தத்தைத் தணிக்கும் மருந்துகளில் அதற்கு முன்வரிசையில் இடம். திப்பிலி வாயில் கார்ப்பு, விபாகத்தில் இனிப்பு. இந்த மூன்றுக்கும் அடங்காத பொருள்களும் உண்டு. கொடிவேலியும் நாகதந்தியும் சுவையிலும் வீரியத்திலும் விபாகத்திலும் ஒன்றுதான், ஆனால் இரண்டாவது மட்டும் பேதியாக்கும். அதற்குப் பிரபாவம் என்று பெயர் வைத்து, காரணம் காட்ட முடியாத இடத்தில் விளைவை மட்டும் பதிவு செய்துவிட்டார்கள். இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சட்டகத்துக்குள் வராததை மறைக்காமல் தனியாக ஒரு தலைப்பு கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

நோய் எதனால் வருகிறது என்பதற்குச் சரகர் மூன்று காரணம் சொல்கிறார். புலன்களை அளவுக்கு மீறியோ, குறைவாகவோ, தவறாகவோ பயன்படுத்துவது. காலத்தின் மாற்றம். மூன்றாவது பிரஜ்ஞாபராதம், தெரிந்தே செய்யும் தப்பு. கண் எரிகிறது, மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, கையில் இன்னும் போன். இதற்கு மேல் உதாரணம் தேவையில்லை.

இதோடு ஒட்டியது வேகங்களை, அதாவது உடம்பின் இயல்பான உந்துதல்களை, அடக்குவது. சிறுநீர், மலம், அபான வாயு, வாந்தி, தும்மல், ஏப்பம், கொட்டாவி, பசி, தாகம், கண்ணீர், தூக்கம் உட்பட சரகர் 13 வேகங்களைப் பட்டியலிட்டு, இவற்றை அடக்காதே என்கிறார். பேராசை, பொறாமை, கோபம் முதலியவற்றை அடக்கு என்று அடுத்தே சொல்கிறார். முதல் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கும் பெண்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். கழிப்பறை வசதி சரியில்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். தாகத்தையும் சிறுநீரையும் சேர்த்தே அடக்குகிறார்கள். இங்கே எந்தக் கஷாயம் எழுதிக் கொடுத்து என்ன பயன்? முதல் மருந்து அந்தக் கடையில் ஒரு நல்ல கழிப்பறை. நோய்க்கான காரணத்தை விலக்குவதுதான் சிகிச்சையின் தொடக்கம் என்று நூல் சொல்வதை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

சிகிச்சையில் இரண்டு வழி. ஒன்று சமனம், தோஷத்தை இருக்கும் இடத்திலேயே தணிப்பது. இன்னொன்று சோதனம், வெளியேற்றுவது. பஞ்சகர்மா இரண்டாவது வகை: வாந்தி, பேதி, வஸ்தி (ஆசனவாய் வழியே மருந்து செலுத்துவது), நசியம் (மூக்கில் மருந்து விடுவது) போன்றவை. இதைக் கடற்கரை ரிசார்ட்டுகளில் வார விடுமுறை பேக்கேஜாக விற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. நூல் சொல்லும் முறையில் முதலில் ஆமத்தைச் செரிக்க வைக்க வேண்டும். பிறகு மூன்று முதல் ஏழு நாள் வரை அளவு ஏற்றி ஏற்றி நெய் குடிக்க வேண்டும். அப்புறம் வியர்வை சிகிச்சை. அதற்குப் பிறகுதான் பேதியோ வாந்தியோ. முடிந்த பிறகும் உடனே சாப்பாடு கிடையாது. கஞ்சித் தண்ணீர், கஞ்சி, குழைந்த சோறு, பயற்றஞ்சாறு என்று சில நாட்கள் படிப்படியாகத் தீயை வளர்த்து எடுக்க வேண்டும். முன்னும் பின்னும் அக்னியையே காவல் காக்கிற ஒரு முறையிலிருந்து நடுவில் உள்ள எண்ணெய்த் தேய்ப்பை மட்டும் வெட்டி எடுத்து, மத்தியானத்துக்கு முழு விருந்தும் போட்டால் அதற்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

இந்த வைத்தியத்தின் மேல் பற்று இருப்பதால்தான் இதையும் சொல்கிறேன். 'மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது' என்பது ஆயுர்வேத நூல்களுக்கே எதிரான பேச்சு. சரியாகக் கையாண்டால் விஷமும் மருந்தாகும், தவறாகக் கையாண்டால் மருந்தும் விஷமாகும் என்று எழுதியவர் சரகர். பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் வெளியான ஆய்வில், 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் போன்றவை இருந்தன. பற்பம், செந்தூரம் என்று யாரோ கொடுக்கும் பெயர் ஒட்டாத பொட்டலத்தை வாங்கிச் சாப்பிடாதீர்கள். நெஞ்சுவலி, பக்கவாதம், மூச்சுத்திணறல் என்றால் நேரே பெரிய ஆஸ்பத்திரி. இன்சுலினை யார் பேச்சைக் கேட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வைத்தியத்துக்கு நான்கு கால்கள் என்பார்கள்: வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்ப்பவர், நோயாளி. ஒவ்வொன்றுக்கும் நான்கு குணங்கள். நோயாளிக்குச் சரகர் சொல்வது ஞாபக சக்தி, சொன்னபடி நடப்பது, பயப்படாமல் இருப்பது, தன் நோயைத் தெளிவாக எடுத்துச் சொல்வது. அந்த நான்காவதைத்தான் நாம் பெரும்பாலும் வைத்தியர் நாடி பிடித்துக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். நல்ல வைத்தியர் எவரும் நாடியோடு நிறுத்துவதில்லை. நாக்கு, கண், குரல், தோல், மலம், சிறுநீர், உருவம் என்று எட்டையும் பார்ப்பார், கேட்பார். அதனால் போவதற்கு முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள். எந்த நேரத்துக்கு நிஜமாகப் பசித்தது, சாப்பிட்டபின் உடம்பு கனத்ததா லேசானதா, வலி விடியலில் கூடுகிறதா சாயங்காலத்திலா, சூடு இதமாக இருக்கிறதா குளிர்ச்சியா, மலம் எப்படி, தூக்கம் எப்படி. அதோடு இப்போது சாப்பிடும் ஆங்கில மருந்துகளின் சீட்டையும் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவையும் எடுத்துப் போங்கள். அதைக் கையில் வாங்கிப் படிக்காத வைத்தியர் என்றால் வேறொருவரைப் பாருங்கள்.